நெல் பொதி கட்டும் முன்பே எலியைப் பிடியுங்கள்: வயல் தீனியும் எலியின் பேறுகாலமும்

கதிர் வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்த்த பிறகு மருந்துக்கடைக்கு ஓடுவதுதான் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கத்து வழக்கம். ஆந்திர எல்லை தாண்டி நகரி, சத்தியவேடு போனாலும் கதை அதேதான். அந்த நேரத்தில் வைக்கும் மருந்து பெரும்பாலும் வீண். வயல் முழுக்க பால் பிடித்த நெல் இருக்கும்போது, வளை வாயில் கிடக்கும் நொய்யை எந்த எலி சீந்தும்? அதற்குள் வளைக்குள்ளே குட்டியும் போட்டிருக்கும். எலியை அடக்க வேண்டிய நாள் எது என்பதை எலியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பயிரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எலி எப்போது சினைப்படும், எத்தனை குட்டி பிழைக்கும் என்ற இரண்டையும் வயலில் அன்றைக்கு என்ன தீனி இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

நெல் வயலில் முதல் எதிரி கரம்பை எலி. அகழான் என்றும் சொல்வார்கள். வளை வாயில் புது மண் குவிந்திருக்கும், உள்ளே ஆள் இருந்தால் வாயை மண்ணால் அடைத்தும் வைத்திருக்கும். வேர்க்கடலைக் கொல்லையில், மேட்டு நிலத்தில் வெள்ளெலி. இவற்றோடு புல் எலியும் வயல் சுண்டெலியும் உண்டு. இங்கே சொல்லும் கணக்கு முக்கியமாகக் கரம்பை எலிக்கானது.

தீனியும் சினையும்

நட்டு வேர்பிடித்து தூர் கட்டும் வரை நெல் தண்டில் இருப்பது நீரும் நாரும்தான். எலி அதைக் கடித்து உயிர் பிழைத்துக்கொள்ளும். கூடவே வரப்பிலுள்ள கோரைக் கிழங்கு, அருகம்புல் கிழங்கு, நண்டு, நத்தை, பூச்சி என்று கிடைத்ததைத் தின்னும். இந்தக் காலத்தில் பிடிபடும் பெட்டைகளில் சினையாக இருப்பவை குறைவு. பொதி கட்டியதும், அதாவது தோகைக்குள் கதிர் திரண்டு புடைத்ததும், நிலைமை மாறுகிறது. தோகைக்குள் சுருண்டிருக்கும் இளங்கதிர் மெத்தென்று, இனிப்பாக, சத்தோடு இருக்கிறது. அதை எடுக்கத்தான் எலி தூரை அடியில் சாய்வாக வெட்டித் தள்ளுகிறது. ஒரு தூரில் தின்பது ஒரு விரற்கடை, வீணாவது முழுத் தண்டு. இந்தத் தீனி கிடைத்த சில நாட்களிலேயே பெட்டைகள் சினைப்படத் தொடங்கும்.

கரம்பை எலியின் சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டி என்பது சாதாரணம், பத்துக்கு மேலும் போகும். குட்டி போட்ட ஓரிரு நாளிலேயே மறுபடி சினைப்படக் கூடியது. அதாவது ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும். சினையைவிடப் பால் கொடுப்பதற்குத்தான் தாய்க்குத் தீனி அதிகம் வேண்டும். தீனி குறைந்தால் முதலில் அடிபடுவது குட்டியின் எண்ணிக்கை அல்ல, குட்டியின் உயிர்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று பிரான்சில் நடந்தது. அல்சாஸ் பகுதியில் வயல்களை மக்காச்சோளம் மொத்தமாகப் பிடித்துக்கொண்டதும், அங்கே வளை தோண்டி வாழும் ஹாம்ஸ்டர் என்ற காட்டு எலிகள் (நம்மூர் வெள்ளெலி வேறு) அருகிப்போயின. காரணம் தேடி, ஆய்வுக்கூடத்தில் சிலவற்றுக்குக் கோதுமையும் சிலவற்றுக்கு மக்காச்சோளமும் கொடுத்தார்கள். கூடவே மண்புழு அல்லது குளோவர் என்ற தீவனத் தழை. 2017இல் வெளியான முடிவில், பிறந்த குட்டிகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கோதுமைத் தாய்களிடம் ஐந்தில் நான்கு குட்டிகள் பால் மறக்கும் வரை பிழைத்தன; மக்காச்சோளத் தாய்களிடம் நூற்றுக்கு ஐந்துதான். மற்றவற்றைத் தாயே தின்றுவிட்டது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி3 வைட்டமின் உடம்பில் சேராத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடம்பே தயாரித்துக்கொள்ளத் தேவையான டிரிப்டோபன் என்ற அமினோ அமிலமும் அந்தத் தானியத்தில் குறைவு. நியாசினைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் ஒழுங்காகக் குட்டி வளர்த்தன.

இதைப் படித்துவிட்டு மக்காச்சோளம் போட்டால் எலி தொல்லை ஒழியும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர். இங்கே மக்காச்சோளத்துக்குப் பக்கத்திலேயே வேர்க்கடலை இருக்கும், வரப்பில் கோரை இருக்கும், வாய்க்காலில் நண்டு இருக்கும். ஒரு பயிரில் இல்லாததை அடுத்த வரப்பில் தேடிக்கொள்ளும்.

மற்றப் பயிர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். வேர்க்கடலை எலிக்கு ஒரு குறையும் இல்லாத தீனி: நூறு கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம், கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய், நியாசினும் தாராளம். விழுது இறங்கிக் காய் பிடித்ததிலிருந்து பிடுங்கும் வரை வெள்ளெலிக்கு அது பேறுகாலம். நெல் அறுத்த தாளில் தெளிக்கும் பச்சைப்பயறும் உளுந்தும் அதே வேலையைச் செய்யும். நெல்லோடு நின்றிருக்க வேண்டிய இனப்பெருக்கத்தை, பயறு காய்க்கும் வரை நீட்டிவிடும். கரும்பு வேறு மாதிரி. சாறில் இனிப்பு உண்டு, புரதம் இல்லையென்றே சொல்லலாம். கரும்பை மட்டும் தின்று எலியால் குட்டி வளர்க்க முடியாது. ஆனால் பத்து, பன்னிரண்டு மாதம் கலையாத நிழல் அது. நெல் அறுத்ததும் எலிகள் ஒதுங்குவது அங்கேதான். கரும்பு எலிக்குக் குடியிருப்பு, நெல்லும் கடலையும் சாப்பாடு. திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு போடும் ஊர்களில், ஒரே வாய்க்காலில் கரும்பும் நெல்லும் மாறி மாறி இருக்கும் இடங்களில்தான் தொல்லை ஓயாமல் இருப்பது இதனால்தான்.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

நெல்லில் எந்த ரகமானாலும் கடைசி 65 நாள் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். வயது வித்தியாசம் எல்லாம் அதற்கு முந்தைய தூர் கட்டும் காலத்தில். ஆகவே நட்ட நாளிலிருந்து எண்ணாமல், அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்:

- 65 நாள் முன்: தண்டுக்குள் கதிர் உருவாகும். வெளியே தெரியாது.
- 45 நாள் முன்: பொதி தெரியத் தொடங்கும். எலி சினைப்படத் தொடங்கும்.
- 30 நாள் முன்: பூ.
- 20–25 நாள் முன்: பால் பிடிக்கும். முதல் ஈற்றுக் குட்டிகள் வளைக்குள் பிறந்திருக்கும்.

குட்டி பால் மறந்து தானே தின்ன நான்கு வாரம் ஆகும். கணக்குப் போட்டால், ஊரெல்லாம் ஒரே வாரத்தில் அறுத்தால், குட்டி வெளியே வரும் நாளும் வயல் மொட்டையாகும் நாளும் ஒன்றாகிவிடும். அந்தக் குட்டிகளைக் காப்பாற்றுவது வளைக்குள் தாய் சேர்த்து வைத்த நெல் மட்டுமே. இரண்டாவது ஈற்றுக்கு அதுவும் போதாது.

இப்போது எல்லைப்பக்கத்துச் சிக்கலைப் பாருங்கள். ஒரு வயலில் ஆடுதுறை 37, நாம் குண்டு நெல் என்பது, 105 நாள். வரப்புக்கு அந்தப்பக்கம் பாபட்லா பொன்னி, பிபிடி 5204, ஏறக்குறைய 145–150 நாள். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தாலும் குண்டு நெல்லில் பொதி கட்டுவது 60ஆம் நாள், பாபட்லாவில் 100–105ஆம் நாள். அதாவது குண்டு நெல்லை அறுக்கும் அன்றைக்கு பாபட்லா பொதி கட்டுகிறது. பேறுகாலத் தீனி 45 நாளுக்குப் பதில் 90 நாளாகிறது. ஒரு ஈற்று முழுசாகவும் ஒன்று அரைகுறையாகவும் பிழைக்க வேண்டிய இடத்தில் மூன்று ஈற்று வளரும். முதல் ஈற்றுப் பெட்டைகள் மூன்று மாதத்தில் தாமே சினைப்படும் வயதையும் தொட்டுவிடும்.

அதனால்தான் சேர்ந்து நடவு செய்யுங்கள் என்ற அறிவுரை பாதிதான் சரி. நடவுத் தேதி ஒன்றாவதில் பயனில்லை, அறுவடைத் தேதி ஒன்றாக வேண்டும். நீண்ட வயது ரகத்தை முன்னால் விதைத்து, குறுகிய வயது ரகத்தை நாற்பது நாள் பிந்தி விதைக்க வேண்டும். ஒரு வாய்க்காலில் பாயும் வயல்களின் அறுவடை எல்லாம் இரண்டு வாரத்துக்குள் அடங்கினால் நல்லது. கிணற்றுப் பாசனத்தில் அவரவர் இஷ்டத்துக்கு நவரை, சொர்ணவாரி என்று பட்டம் தாண்டிப் போடுகிற ஊரில் இதை முழுமையாகச் செய்ய முடியாதுதான். குறைந்தபட்சம் உங்கள் நாலு வரப்பைச் சுற்றியுள்ள வயல்களின் ரகத்தையும் விதைத்த தேதியையும் ஒரு தாளில் எழுதி, 45 நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதலில் பொதி கட்டப்போவது யார் வயலோ, அங்கேதான் வேலையைத் தொடங்க வேண்டும். அது உங்கள் வயலாக இல்லாவிட்டாலும்.

எலியைத் திறந்து பார்ப்பது

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கிட்டியில் (மூங்கில் வில் பொறி) மாட்டிய எலிகள் ஐந்தாறை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறை கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே கூடாது, எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகவே தொற்றும். பெட்டையின் அடிவயிற்றைக் கத்தரியால் நீளவாக்கில் திறந்தால், இருபுறமும் ஒய் எழுத்துப் போலப் பிரியும் கருப்பை தெரியும். அது மெல்லிய நூலாக இருந்தால் சினை இல்லை. மணி கோத்த மாதிரி வீங்கியிருந்தால் சினை. வீக்கங்களை எண்ணினால் குட்டி எத்தனை என்று தெரியும். முலைக்காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து, அழுத்தினால் பால் வந்தால், வளையில் குட்டி இருக்கிறது. பெரிய பெட்டைகளில் பாதிக்கு மேல் சினை என்றால் மருந்து வைக்கும் நாள் தாண்டிவிட்டது, வளைக்குப் புகை போடுவதும் வளையை வெட்டுவதும்தான் மிச்சம்.

இரைப்பையையும் கீறிப் பாருங்கள். பச்சையாக நாரோடு இருந்தால் தண்டு. வெள்ளைக் களியாக இருந்தால் தானியமோ கடலையோ. பூச்சியின் ஓடு பளபளவென்று தனியாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள். தானிய மாவு கருநீலமாக மாறும். தண்டு இலேசாக மட்டும் மாறும், ஏனென்றால் நெல் தோகையிலும் கொஞ்சம் மாவுச்சத்து உண்டு. உங்கள் வயல் இன்னும் தூர் கட்டும் நிலையிலேயே இருக்க, எலியின் வயிற்றில் தானியம் இருந்தால், அது வேறு எங்கோ தின்றுவிட்டு வருகிறது. பக்கத்துக் களமா, வைக்கோல் போரா, முந்திய வயலா என்று தேடுங்கள். பார்த்து முடிந்ததும் ஆழமாகப் புதைத்து, கையுறையோடு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்து: தூர் கட்டும் பருவத்தில் மட்டும்

நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து பொதி கட்டுவதற்கு முன் வரை உள்ள இடைவெளிதான் மருந்துக்கான காலம். வயலில் தானியம் இல்லை, பசி உண்டு, பெட்டை சினைப்படவில்லை. இந்த நேரத்தில் ஒரு பெட்டையைக் கொல்வது பின்னால் அதன் ஈற்றையும் சேர்த்துக் கொல்வது.

முதல் நாள் மாலை வரப்பில் உள்ள எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். மறுநாள் காலையில் திறந்திருப்பவை மட்டுமே ஆள் உள்ள வளைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நடுங்கள். இதைச் செய்யாமல் எல்லா ஓட்டையிலும் மருந்து போடுவது பாதி நண்டுக்குத் தீனி வைப்பது.

துத்தநாக பாஸ்பைடு என்றால் முதலில் வெறும் தீனி வைத்துப் பழக்க வேண்டும். 980 கிராம் நொய்க்கு 20 கிராம் கடலெண்ணெய் கலந்து, வளைக்கு 20 கிராம் வீதம் இரண்டு நாள். மூன்றாம் நாள் 960 கிராம் நொய், 20 கிராம் எண்ணெய், 20 கிராம் மருந்து. முதலில் நொய்யில் எண்ணெயைப் பிசிறி, பிறகு மருந்தைத் தூவி, குச்சியால் கிளறுங்கள். கை படக் கூடாது. தண்ணீர் தெளிக்கவே கூடாது. ஈரம் பட்டால் எலியின் வயிற்றில் வர வேண்டிய நச்சு வாயு உங்கள் சட்டியிலேயே கிளம்பும், மருந்தும் வீரியம் இழக்கும். கலக்குவது திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கம் இருக்க. பத்து கிராம் காகிதப் பொட்டலமாகக் கட்டி வளைக்குள் நீளத் தள்ளி, வாயை இலேசாக மூடுங்கள். எண்ணெய் காறல் அடித்தால் எலி தொடாது. பழக்காமல் நேரடியாக மருந்து வைத்தால், கொஞ்சமாகத் தின்று வயிறு நொந்து பிழைத்த எலி பல வாரங்களுக்கு அந்தத் தீனியைச் சீந்தாது. மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வளைகளை மூடிப் பார்த்து, திறந்தவற்றில் புரோமாடியோலோன் வையுங்கள். 0.25 சதத் தூள் 20 கிராம், எண்ணெய் 20 கிராம், நொய் 960 கிராம். வளைக்கு 15 கிராம். இதற்குப் பழக்கத் தேவையில்லை, சாவு சில நாள் கழித்து வருவதால் எலிக்குச் சந்தேகம் வராது. இரத்தம் உறையாமல் செய்வது இதன் வேலை; தப்பித் தவறி மனிதர் தின்றால் வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு, உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே இல்லை, கல்லீரலைத் தின்றுவிடும். அதை வீட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள். வயலைச் சுற்றி மின்கம்பி இழுப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதில் மாட்டுவது எலியைவிட இராத்திரி தண்ணீர் கட்டப் போகிற ஆள்.

செத்த எலிகளைத் தினமும் பொறுக்கிப் புதையுங்கள். கூகையும் சாரைப்பாம்பும் நமக்கு இலவச ஆள். மருந்து தின்ற எலியை அவை தின்னக் கூடாது.

பொதி கட்டிய பிறகு

தானியம் வந்த பின் கைகொடுப்பது புகை. கோதாவரிப் பகுதியில் பரவலான புகையூட்டி, கைப்பிடி சுற்றிக் காற்றடிக்கும் ஒரு சிறு இரும்பு உருளைதான். வைக்கோலைத் திணித்துப் பற்ற வைத்து, குழாயை வளை வாயில் வைத்துச் சுற்றிலும் சேறு பூசி, இரண்டு மூன்று நிமிடம் அடிக்க வேண்டும். வரப்பில் வேறு இடத்தில் புகை கசிந்தால் அது அவசர வாசல். அதையும் சேற்றால் அடையுங்கள், இல்லாவிட்டால் எலி அதன் வழியாகவே போய்விடும். தீனியைச் சார்ந்திராத முறை என்பதால் பால் பிடிக்கும் வயலிலும் பலிக்கும், வளைக்குள் இருக்கும் குட்டியோடு சேர்த்து முடிக்கும். காய்ந்த வரப்பில் விரிசல் வழியாகப் புகை வெளியேறிவிடும், தண்ணீர் கட்டிய மறுநாள் செய்யுங்கள்.

தஞ்சாவூர் கிட்டியும் எந்தப் பருவத்திலும் உதவும். மூங்கில் வில்லின் விறைப்பு தளர்ந்துவிட்டால் எலி தீனியை எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், மாலையில் நாட்டும்போதே ஒவ்வொன்றையும் குச்சியால் தட்டிப் பாருங்கள். தூர் பருவத்தில் பொரி போதும். நெல் விளைந்த வயலில் நெல் வைத்து என்ன பயன்? அங்கே கருவாடோ நண்டோ வையுங்கள், வயலில் இல்லாத தீனிக்குத்தான் இழுப்பு.

கூகை உட்கார டி வடிவக் குச்சிகளை ஏக்கருக்குப் பதினைந்து இருபது நடலாம். பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், பகலில் தானியம் தின்னும் குருவிகள் அதிலேயே வந்து உட்காரும்.

இளங்கதிரின் இழுப்பையே பொறியாக்கும் முறை ஒன்று தென்கிழக்கு ஆசியாவில் உண்டு. 20க்கு 20 மீட்டர் வயலை மற்றவர்களைவிட மூன்று வாரம் முன்பே நட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் வேலி போட்டு, வேலியில் ஓட்டை விட்டு உள்பக்கம் கூண்டு வைப்பார்கள். முன்னால் பொதி கட்டும் வயலுக்குச் சுற்றுவட்ட எலி எல்லாம் வந்து மாட்டும். அங்கே பத்துப் பதினைந்து ஹெக்டேருக்கு ஒன்று போதும் என்கிறார்கள். இரண்டு ஏக்கர்காரர் தனியாகச் செய்ய இது தோதுப்படாது. கூண்டை ஒரு நாள் பார்க்காமல் விட்டாலும் ஊர் எலிக்கு முன்கூட்டியே பேறுகாலம் தொடங்கி வைத்ததாகும். வாய்க்கால் ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டால் மட்டும் யோசியுங்கள்.

அறுவடைக்குப் பிந்தைய ஒரு வாரம்

முன்னே சொன்னபடி, பால் மறந்த குட்டியை இந்த நேரத்தில் காப்பாற்றுவது வளைக்குள் இருக்கும் நெல்தான். அறுத்த ஒரு வாரத்துக்குள் வளைகளை வெட்டிவிட வேண்டும். இந்த வேலையில் இருளர்களுக்கு நிகர் யாரும் இல்லை. ஆந்திரப் பக்கம் யானாதிகள். வளை வாயைப் பார்த்தே எந்தப் பக்கம் நெல்லறை, எங்கே அவசர வாசல் என்று சொல்வார்கள். எடுத்த நெல் அவர்களுக்கு என்பது வழக்கம், அதைக் கூலியில் கழிக்காதீர்கள். இன்னொன்று: பிடித்த எலியை அவர்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள். மருந்து வைத்த வயலை வெட்ட அவர்களைக் கூப்பிடக் கூடாது. மருந்து வைத்ததை மறைப்பது கொலைக்குச் சமம். அந்தப் பட்டத்தில் மருந்தா வெட்டா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, பக்கத்து வயல்காரர் மருந்து வைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தாளை உடனே உழுதுவிடுங்கள். விட்டால் மறுதாம்பு கிளம்பிச் சிறு கதிர் வரும். ஆடு மேய்க்க நல்லதுதான், எலிக்கும் இன்னொரு ஈற்று அளவுக்கு நல்லது. பயறு தெளிப்பதானால் வளை வெட்டிய பிறகு தெளியுங்கள். வைக்கோல் போரை வரப்பை ஒட்டிப் போடாதீர்கள். வரப்பை அடுத்த நடவுக்கு முன் செதுக்கும்போது அகலம் ஓர் அடிக்கு மேல் விடவேண்டாம். அதற்குக் கீழே போனால் கரம்பை எலியால் குட்டியறை தோண்ட முடியாது. ஆள் நடக்கும் பெரிய வரப்பு ஒன்று மட்டும் இருக்கட்டும், தேட வேண்டிய இடமும் ஒன்றாகிவிடும்.

கரும்பு பக்கத்தில் இருந்தால் அதிலும் கை வையுங்கள். ஐந்தாம், ஏழாம் மாதங்களில் சோகை உரித்து, சாய்ந்த கரும்பை நிமிர்த்திக் கட்டினால் அடியில் வெளிச்சம் விழும், எலி தங்காது. கரும்புக்குள் தானியம் இல்லாததால் அங்கே நொய் மருந்து எந்த மாதத்திலும் எடுபடும். நெல் அறுத்த பத்தாம் நாள், நெல் வயலை ஒட்டிய ஓரத்து நான்கைந்து பார்களில் மட்டும் வைத்தால் போதும், குடிபெயர்ந்த எலி பெரும்பாலும் அந்த ஓரத்தைத் தாண்டியிருக்காது.